அரைச் சக்தி என்னும் அளவுகோல்

உடற்பயிற்சி செய்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்த பிறகு அது வேதவாக்காகவே ஆகிவிட்டது. திருவனந்தபுரத்தில் விடியற்காலையில் மியூசியம் வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். கிழக்கு வெளுக்கும் முன்பே நடப்பவர்களும் ஓடுபவர்களுமாக இடம் நிறைந்திருக்கும். "தினம் நாலு ரவுண்டு நடக்கறேன் சார், சளி காய்ச்சல்னு படுத்ததே இல்ல" என்பார் ஒருவர். "பையன அஞ்சு மணிக்கே கோச்சிங்குக்கு அனுப்பிடறேன். ரெண்டு மணி நேரம் பிழிஞ்சு எடுக்கறாங்க. உடம்பு இரும்பாயிடும்ல?" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சும் கேட்பதற்கு ஒன்றுபோலத் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

அளவான உழைப்பு ஒன்று. அளவு மீறிய உழைப்பு வேறொன்று. வளரும் இளம் உடலில், அவ்வுடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களில், இவை இரண்டும் என்ன செய்கின்றன என்பதை மனிதர் கண்டறிந்த கதை நீண்டது. அக்கதையின் ஒரு முனை நம் ஊரின் ஏட்டுச் சுவடியிலும் களரி மண்ணிலும் இருக்கிறது. மறுமுனை மேலை நாட்டு ஆய்வுக்கூடங்களின் எலிக்கூண்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

அம்மை தந்த முதல் பாடம்

உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிவிட முடியும் என்ற பாடத்தைத் திருவிதாங்கூர் அம்மை நோயிடமிருந்துதான் கற்றது. 1798இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் தமது நூலை வெளியிட்டார். 1802இல் பம்பாயில் ஒரு குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டு இந்தியாவில் அப்பழக்கம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் அது திருவிதாங்கூருக்கு வந்துவிட்டது. 1813இல் ராணி கௌரி லட்சுமி பாய் ஆட்சியில், கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, இது அரசின் முயற்சியாகவே நடந்தது. மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. 1879இல் அரசு ஊழியர், சிறைக்கைதிகள், மாணவர் ஆகியோருக்கு அது கட்டாயமாக்கப்பட்டது.

பிற்காலத்தில் அம்மைப்பாலை இளங்கன்றுகளின் தோலில் வளர்த்தே எடுத்தார்கள். சென்னை கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட்டின் முதற்பணியே அதுதான். நம் பாட்டன் பூட்டன்மார் புஜத்தில் இருந்த அம்மைத் தழும்பு, பெயர் தெரியாத ஏதோ ஒரு கன்றுக்கு நாம் பட்ட கடன். அம்மை குத்துதலின் அடிப்படை எளியது: உடலுக்குச் சிறிய, அளவான ஒரு தொந்தரவு கொடுத்தால் அது பெரிய தொந்தரவுக்குத் தயாராகிறது. உழைப்புக்கும் இதே விதி பொருந்துமா? இக்கேள்வியை மேலை நாட்டு ஆய்வாளர்கள் எழுப்பப் பிறகு நெடுநாள் ஆயிற்று. ஆனால் அளவைப் பற்றிய பேச்சு நம் பக்கத்தில் மிகப் பழையது.

வாக்படர் சொன்ன பாதி

கேரள வைத்தியர்களுக்கு அஷ்டாங்க ஹிருதயம்தான் அடிப்படை நூல். பிற இடங்களில் சரகருக்கும் சுஸ்ருதருக்கும் உள்ள இடம் இங்கே வாக்படருக்கு உண்டு. 1889இல் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேத பாடசாலை தொடங்கியது. இன்றைய அரசு ஆயுர்வேதக் கல்லூரியின் வேர் அதுவே.

அந்நூலில் தினசரி ஒழுக்கம் கூறும் பகுதியில் உடற்பயிற்சி பற்றிய சில வரிகள் உள்ளன. பயிற்சியால் உடல் லேசாகும், வேலை செய்யும் திறன் வரும், பசித்தீ வளரும், கொழுப்பு குறையும் என்று பலன் சொல்லிவிட்டு, உடனே ஒரு கட்டுப்பாட்டையும் விதிக்கிறார் ஆசிரியர். பலசாலியாகவும் நெய்ப்பசையுள்ள உணவு உண்பவனாகவும் இருப்பவன்கூட, குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தன் சக்தியில் பாதி அளவே பயிற்சி செய்யவேண்டும். மற்ற பருவங்களில் அதனினும் குறைவாக. இதுதான் 'அர்த்த சக்தி', அதாவது அரைச் சக்தி. மீறினால் தாகம், உடல் மெலிவு, மூச்சுத்திணறல், இருமல், காய்ச்சல், வாந்தி வரும் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. அளவு மீறுபவன், யானையை இழுக்கப்போய் அழியும் சிங்கத்துக்கு ஒப்பாவான் என்று உவமையும் உண்டு.

"பாதின்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? உடம்புல மீட்டரா இருக்கு?" என்று கேட்கலாம். அதற்கும் பழைய மருத்துவம் அடையாளம் சொன்னது. நெற்றியிலும் மூக்கிலும் மூட்டுகளிலும் வேர்வை அரும்புவது, வாய் உலர்வது, மூச்சு வாய்வழியே வாங்கத் தொடங்குவது இவையே பாதியைத் தொட்டதற்கு அறிகுறிகள்.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. பயிற்சியைத் தவிர்க்கவேண்டியவர் பட்டியலில் முதியவரோடும் அஜீரணக்காரரோடும் 'பாலன்' என்ற சொல்லையும் வாக்படர் சேர்த்திருக்கிறார். அவர் கணக்கில் 16 வயது வரை பாலன். வாக்படருக்கு வெள்ளணு தெரியாது, வைரஸ் தெரியாது. எல்லாம் நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் வளரும் உடலை வளர்ந்த உடலைப்போல் வாட்டக்கூடாது என்ற கவனம் அவரிடம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

களரியின் விடை

அப்படியானால் ஏழு வயதுப் பிள்ளையைக் களரியில் இறக்கினார்களே, அது எப்படி? மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடுதான். களரியின் நடைமுறையைப் பார்த்தால் முரண்பாடு கரைந்துவிடுகிறது.

கிழக்குக்கோட்டைப் பகுதியில் உள்ள சி.வி.என். களரி 1956இல் சி.வி. கோவிந்தன்குட்டி நாயரால் நிறுவப்பட்டது. வடகேரளத்துக் களரிப்பயிற்று தெற்கே தலைநகரில் வேரூன்றிய இடம் அது. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய மண்தளம். மரபுப்படி 42 அடி நீளம், 21 அடி அகலம். வெயிலும் காற்றும் நேரே தாக்காது. பிள்ளை வந்தவுடன் வாளைக் கையில் கொடுப்பதில்லை. மெய்ப்பயிற்று என்னும் உடல் அசைவுகளே நெடுங்காலம். அதன் பிறகுதான் கோல், அதன் பிறகுதான் இரும்பு ஆயுதம். மழைக்காலத்தில் எண்ணெய் தேய்த்து உழிச்சல். உழைப்புக்குப் பக்கத்திலேயே ஓய்வையும் எண்ணெயையும் உணவையும் வைத்துவிட்டார்கள்.

தெற்கே நம் நாஞ்சில் நாட்டிலும் கல்குளம், விளவங்கோடு பக்கங்களிலும் ஆசான்மார் கற்பித்த அடிமுறையும் வர்மமும் தமிழ்ச் சுவடிகளின் வழி வந்தவை. அகத்தியர் பெயரைச் சொல்பவை. 1956 நவம்பர் 1 வரை அப்பகுதி திருவிதாங்கூரோடுதான் இருந்தது. வடக்கன் ஆனாலும் தெற்கன் ஆனாலும், ஆசானே வைத்தியராகவும் இருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அடி சொல்லித் தருபவரே எண்ணெயும் காய்ச்சினார். எவ்வளவு போதும் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. இன்று அந்த இரு வேலைகளும் தனித்தனி ஆட்களிடம் போய்விட்டன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முள் தைத்த சிற்றுயிர்

உடலுக்குள் காவலர் இருக்கிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகாஃப். 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளவுயிரிகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் உடல். அதில் ஒரு முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் பார்த்தார். அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கும் செல்கள் உண்டு என்ற கொள்கை அங்கே பிறந்தது. 1908இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, நோய் எதிர்ப்பியலின் முதற்பாடமே ஓர் இளம் விலங்கின் உடலில்தான் எழுதப்பட்டது.

அந்தச் செல்கள் உழைப்பின்போது என்ன ஆகின்றன? 1901இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய நால்வரின் இரத்தத்தை லாராபி என்ற மருத்துவர் சோதித்து அடுத்த ஆண்டு எழுதினார். ஓடி முடித்தபோது வெள்ளணுக்கள் மிகுதியாகப் பெருகியிருந்தன. கிருமித் தொற்று வந்தவருக்குத்தான் இப்படி ஏறும் என்று கருதிய காலம் அது. நோயே இல்லாமல் வெறும் ஓட்டத்தால் காவற்படை தெருவில் இறங்கியிருந்தது. பெருகியது நன்மையா தீமையா என்ற விவாதம் அன்று தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீண்டது.

அளவு மீறியபோது

முதலில் தெரியவந்தது தீமைதான். 1918இல் கௌல்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஆண் பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் நிமோனியா கண்டவர்களைக் கவனித்தார். ஏறக்குறைய எல்லோரும் விளையாட்டு வீரர்கள். சாதாரணச் சளியோடு கடும் போட்டியில் இறங்கியவர்களுக்கு அது நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது.

1936இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே எலிகளை வைத்துச் செய்த ஆய்வு அடிப்படையானது. கடுங்குளிர், காயம், மிதமிஞ்சிய தசை உழைப்பு என்று எந்தத் துன்பம் கொடுத்தாலும் எலியின் உடலில் ஒரே மாதிரி மாற்றங்கள். அட்ரினல் சுரப்பி பெருத்தது. தைமஸ் சுருங்கியது. மார்புக் கூட்டுக்குள் இருக்கும் இந்தத் தைமஸ்தான் டி செல்கள் என்னும் காவலர்களின் பயிற்சிக்கூடம் என்பது 1960களில் தெளிவாயிற்று. இளம் வயதில்தான் அது பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறத் தானே சுருங்கும். இளம் விலங்கை அளவுக்கு மேல் வாட்டினால் எது பாதிக்கப்படும் என்று இப்போது விளங்கும்.

அடுத்தது இளம்பிள்ளை வாதம். 1947இல் பிரிட்டனில் ரிச்சி ரசல் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரை பலரை உலுக்கியது. காய்ச்சலும் தலைவலியும் தொடங்கிய பிறகும் கடுமையாக உழைத்தவர்களுக்கும் விளையாடியவர்களுக்கும் வாதம் கொடியதாக வந்தது; படுத்து ஓய்வெடுத்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. 1970இல் அமெரிக்காவில் பால்குடி மறக்கும் பருவத்து எலிக்குஞ்சுகளுக்குக் காக்சாக்கி வைரஸைக் கொடுத்து வெதுவெதுப்பான நீரில் நீந்த வைத்தார்கள். நீந்திய குஞ்சுகளின் இதயத்தில் வைரஸ் நூற்றுக்கணக்கான மடங்கு பெருகியது. காய்ச்சலோடு விளையாடப் போகாதே என்று இன்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குப் பின்னால் அந்த எலிக்குஞ்சுகளும் இருக்கின்றன.

அளவோடு நின்றபோது

நன்மையைக் காட்டிய சான்றுகள் பின்னரே வந்தன. 1982இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 56 கிலோமீட்டர் ஓடியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்குள் தொண்டைவலி, சளி. ஓடாதவர்களிடம் அதில் பாதியளவே. டேவிட் நீமன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1987ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானைப் பின்தொடர்ந்தபோதும் இதே கதை. ஓடி முடித்தவர்களில் 12.9 விழுக்காட்டினர் நோயுற்றனர். பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களில் 2.2 விழுக்காட்டினரே. ஆனால் அதே நீமன், பெண்கள் சிலரைத் தினமும் 45 நிமிடம், வாரம் 5 நாள், 15 வாரம் வேகமாக நடக்க வைத்தார். சளித் தொல்லை இருந்த நாட்கள், நடக்காதவர்களைவிடப் பாதியாகக் குறைந்தன. இவற்றைக் கொண்டு அவர் வரைந்த வளைவு ஆங்கில எழுத்தாகிய 'ஜே' வடிவில் இருந்தது. உட்கார்ந்திருப்பவருக்கு நடுத்தர ஆபத்து, அளவாக உழைப்பவருக்குக் குறைந்த ஆபத்து, மிதமிஞ்சி உழைப்பவருக்கு மிகுந்த ஆபத்து.

மனிதரிடம் இதற்கு மேல் சோதிக்க முடியாது. வேண்டுமென்றே யாருக்கும் நோயைக் கொடுக்க இயலாது. எனவே மீண்டும் எலி. 1990களில் தென் கரோலினாவில், களைத்து விழும்வரை ஓடவைத்த எலிகளுக்கு மூக்கு வழியே ஹெர்ப்பிஸ் வைரஸைச் செலுத்தினார்கள். ஓய்வில் இருந்தவற்றைவிட அவை அதிகம் நோயுற்றன, அதிகம் இறந்தன. நுரையீரலில் காவல் நிற்கும் பெருவிழுங்கிச் செல்கள் வைரஸை எதிர்ப்பதில் தளர்ந்திருந்தன. 2005இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஃப்ளூயன்ஸா கொடுத்த எலிகளை, நோய்க்குறி வெளிப்படும் முன் மூன்று நாள், தினம் 20, 30 நிமிடம் மெதுவாக ஓடவிட்டனர். அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. ஓடாமல் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இறந்தன. இரண்டரை மணி நேரம் ஓடவைத்தவற்றின் கதி இன்னும் மோசம். வாக்படரின் பாதிக்கு ஆய்வுக்கூடம் தந்த விளக்கவுரை என்று இதை நான் சொல்வதுண்டு.

உள்ளே நடப்பது என்ன? அளவாக ஓடும்போது அட்ரினலின் சுரந்து, இரத்தக் குழாய்ச் சுவரிலும் மண்ணீரலிலும் ஒட்டிக்கிடந்த இயற்கைக் கொலைச் செல்களும் பிற வெள்ளணுக்களும் ஓட்டத்தில் இறங்குகின்றன. ரோந்து சுற்றிவிட்டு நுரையீரல், குடல், எலும்பு மஞ்சை என்று நிலையத்துக்குத் திரும்புகின்றன. தினமும் ரோந்து நடந்தால் ஊர் பாதுகாப்பாக இருக்கும் அல்லவா? உழைப்பு நீண்டு கொடுமையானால் கார்ட்டிசால் வகை ஹார்மோன்கள் ஏறி நிற்கின்றன. அவை படையை அடக்கிவைக்கும் சுரப்புகள்.

கூண்டில் உட்கார்ந்த எலி

இந்தச் சித்திரத்துக்குப் பின்னர் திருத்தங்களும் வந்தன. நேர்மையாக அவற்றையும் சொல்லவேண்டும். 2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்பெல், டர்னர் என்ற இருவர் எதிர்க்குரல் எழுப்பினர். கடும் பயிற்சிக்குப் பின் இரத்தத்தில் வெள்ளணு குறைவது அவை அழிந்ததால் அல்ல, உறுப்புகளுக்கு இடம் மாறியதால்தான் என்றனர். மாரத்தான் ஓடியவருக்குச் சளி வருவதில் பயணம், தூக்கமின்மை, கூட்டம் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு என்றனர். மிதமிஞ்சிய உழைப்பு எவ்வளவு தீங்கு என்பதில் விவாதம் தீரவில்லை. அளவான உழைப்பு நன்மை என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை.

இன்னொரு திருத்தம் நம் பிள்ளைகளைப் பற்றிச் சிந்திக்கும்போது முக்கியமானது. பல ஆய்வுகளில் முதிய விலங்குகளிடம் பயிற்சியின் பலன் தெளிவாகத் தெரிந்த அளவுக்கு, நலமான இளம் விலங்குகளிடம் தெரிவதில்லை. இளமையில் காவற்படை ஏற்கெனவே முழு பலத்தில் இருப்பதே காரணம். மேலும், எலி தானாக ஓடும் பிராணி. சக்கரம் ஒன்றைக் கூண்டில் வைத்தால் ஒரே இரவில் சில கிலோமீட்டர் ஓடித் தள்ளும். யாரும் விசில் ஊதவேண்டியதில்லை. அப்படிப்பட்ட பிராணியைச் சிறு பெட்டியில் வைத்து, வேண்டிய மட்டும் தீனி போட்டு, அதையே 'இயல்பான எலி' என்று ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டோம். அவை பருத்த, நோய்ப்பட்ட எலிகள் என்று 2010இல் சில அறிஞர்கள் சுட்டிக்காட்டினர். அதாவது, ஓடிய எலி அதிசய பலம் பெற்றுவிடவில்லை. உட்கார்த்தி வைக்கப்பட்ட எலிதான் தன் இயல்பை இழந்திருந்தது.

இதைப் படித்தபோது கரமனையிலும் வலியசாலையிலும் அக்கிரகாரத் தெருக்களில் அந்தக் காலத்தில் பிள்ளைகள் இருட்டும்வரை விளையாடிய சத்தமும், இன்றைய அடுக்குமாடி வீட்டின் அமைதியும் ஒருசேர என் நினைவுக்கு வந்தன. டியூஷன், டி.வி., செல்போன் என்று பிள்ளையை உட்கார்த்தி வைப்பது நாம். பிறகு குற்ற உணர்ச்சியில் விடியற்காலை இருட்டில் எழுப்பி, தூக்கக் கண்ணோடு பயிற்சிக்கு விரட்டுவதும் நாம். வளைவின் இரண்டு முனைகளிலும் பிள்ளையை நிறுத்திவிட்டோம். நடுவில்தான் யாரும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு

எலி வேறு, பிள்ளை வேறு. எலியின் கணக்கை அப்படியே பிள்ளைக்குப் போடக்கூடாது. ஆனாலும் சில முடிவுகளுக்கு வரத் தடையில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்தது. ஓடும்போது பேச முடியவேண்டும், பாட முடியாமல் போகவேண்டும் என்பது மிதமான உழைப்புக்கு இக்காலத்தார் வைக்கும் எளிய அளவு. மூச்சு வாய்வழி வருவதைப் பார்த்துக்கொள் என்ற பழைய அளவும் இதற்குப் பக்கத்து வீடுதான்.

காரியவட்டத்தில் ஒரு பொருத்தம் உண்டு. விலங்கின் உடலை ஆராயும் கேரளப் பல்கலைக்கழக விலங்கியல் துறை அங்கே இருக்கிறது. 1985இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. 2015இன் தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய பெரிய மைதானமும் அருகில்தான். அடி சொல்லித் தருபவரும் எண்ணெய் காய்ச்சுபவரும் ஒருவராக இருந்த காலம் போய்விட்டது. அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் எது? பயிற்சியாளர், மருத்துவர், பெற்றோர் மூவரும் பேசிக்கொண்டால் எவ்வளவு போதும் என்று பிள்ளைக்குச் சொல்ல மறுபடியும் ஓர் ஆசான் கிடைத்துவிடுவார்.

நம் சங்கத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டுப் போட்டிக்கு என் தாழ்மையான யோசனை இரண்டு. காய்ச்சலோடு வந்த பிள்ளையை, அது எவ்வளவு அழுதாலும், கோட்டில் நிறுத்தவேண்டாம். "ஒரு ரேஸ்தானே, ஓடிட்டு வரட்டும்" என்று சொல்லும் பெரியவரை மெல்ல உட்கார வைத்துவிடுங்கள். இரண்டாவது, பரிசு வாங்கும் மூன்று பேருக்காக மட்டும் போட்டி நடத்தாமல், கடைசியில் வரும் பிள்ளையும் சிரித்துக்கொண்டே ஓடி முடிக்கும் ஓட்டம் ஒன்றை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். அடுத்த நாள் சாயங்காலமும் தானாகவே ஓடத் தோன்றவேண்டும் அந்தப் பிள்ளைக்கு.